முதுமையில் மலர்ந்த மாணவர்

தமிழ்த்தாத்தா என்றவுடன் தமிழர் மனத்தில் எழுவது ஒரே உருவந்தான். தலையில் பாகை, நெற்றியில் திருநீறு, தோளில் சால்வை, காலம் கோடிட்ட முகம். மகாமகோபாத்தியாய டாக்டர் உ. வே. சாமிநாதையர் முதியவராகவே இவ்வுலகில் தோன்றியவர் என்று எண்ணுமளவுக்கு அவ்வுருவம் நிலைத்துவிட்டது. அத்தாத்தாவுக்குள் பதினேழு வயது மாணவர் ஒருவர் இறுதிவரை வாழ்ந்திருந்தார். உடல் முதிர முதிர அம்மாணவர் இளமை பெற்றுவந்த விந்தையே ஐயரவர்களின் வாழ்க்கை வரலாறு.

காவிரி பாயும் தஞ்சைத் தரணியில், பாபநாசத்துக்கு அருகிலுள்ள உத்தமதானபுரம் அவர்தம் சொந்த ஊர். 1855-ஆம் ஆண்டு பிப்ரவரி 19-ஆம் நாள் பிறந்தார். தந்தையார் வேங்கடசுப்பையர் இசைவாணர். கனம் கிருஷ்ணையரிடம் பயின்றவர். மகனும் இசையில் தேற வேண்டுமென்பது அவர் விருப்பம். மகனது நெஞ்சமோ தமிழை நாடியது. நிலையான வருவாயில்லாத குடும்பம் ஊர் ஊராகப் பெயர்ந்தது. சென்ற ஊர்களிலெல்லாம் தமிழறிந்தார் யாரென்று தேடுவதே இளைஞரின் வேலையாயிற்று.

1871-ஆம் ஆண்டு மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களின் மாணவரானார். வேங்கடராமன் என்ற பெயர் ஆசிரியரின் விருப்பப்படி சாமிநாதன் என்றாகியது. அவ்வூரில் வாழ்ந்த கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் இசை பயிலவும் தொடங்கியிருந்தார். ஆசிரியருக்கு அதில் உவப்பில்லை என அறிந்ததும் இசைப் பயிற்சியைக் கைவிட்டார். தந்தை வழி வந்த செல்வத்தை ஆசிரியர் பொருட்டுத் துறந்த அந்த இழப்பைப் பற்றி அப்போது அவர் யாரிடமும் முறையிடவில்லை.

இளமையிலேயே அம்மை நோய் கண்டது. நோய் நீங்கியும் வடு நீங்கவில்லை. பிற்காலத்தில் தம் வரலாற்றை எழுதியபோது, ஓர் இயலுக்கு அந்த வடுவையே பெயராக வைத்தார். முதுமை தீட்டிய கோடுகளுக்கு அடியில் இளமையின் தழும்பும் இருந்ததை அவர் மறக்கவில்லை.

1876-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாள் பிள்ளையவர்கள் திருவாவடுதுறையில் மறைந்தார். மரணப் படுக்கையருகே திருவாசகம் படித்த மாணவருக்கு வயது இருபத்தொன்று நிறையவில்லை. பின்னர்த் திருவாவடுதுறை ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகரின் அரவணைப்பில் கற்றும் கற்பித்தும் வந்தார். 1880 பிப்ரவரியில் தியாகராச செட்டியாரின் பரிந்துரையால் கும்பகோணம் கல்லூரித் தமிழாசிரியர் பதவி கிட்டியது. மாணவர் சிலருக்கும் ஆசிரியருக்கும் வயதில் பெரிய வேறுபாடில்லை. ஆயினும் அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை, தலபுராணம் எனக் கற்ற நூல்களின் பட்டியல் நெடியது. இருபத்தைந்து வயதில், தமிழில் கற்க வேண்டியவற்றைப் பெரும்பாலும் கற்றுவிட்டோம் என்ற நிறைவு அவ்விளைஞருக்கு இருந்தது இயல்பே.

அந்நிறைவு அவ்வாண்டு அக்டோபரில் தகர்ந்தது. கும்பகோணத்துக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைக் காணச் சென்றார். தாம் கற்ற நூல்களை வரிசையாக அடுக்கினார். முதலியார் முகத்தில் வியப்பேதும் தோன்றவில்லை. சீவகசிந்தாமணி, சிலப்பதிகாரம், மணிமேகலை ஆகியவற்றைக் கற்றதுண்டா என வினவினார். ஐயர் கற்றதில்லை. முதலியாரிடமிருந்து பெற்ற சிந்தாமணிப் படியைப் பிரித்தபோது பல இடங்களில் பொருள் விளங்கவில்லை. நச்சினார்க்கினியர் உரையோ மேற்கோள்களால் நிறைந்திருந்தது. அவை எந்நூல்களைச் சேர்ந்தவை என்பதும் தெரியவில்லை. பெரும்புலவரின் தலைமாணாக்கருக்கு, தம் மொழியின் பழம்பெரும் பகுதி தமக்கு அந்நியமாய் இருந்தது புலப்பட்டது.

செருக்குடையவராயின் அப்படியைத் திருப்பிக் கொடுத்திருப்பார். ஐயரோ மீண்டும் மாணவரானார். கும்பகோணத்திலிருந்த சமணர் இல்லங்களுக்குச் சென்று அவர்தம் சமயக் கொள்கைகளையும் மரபுகளையும் கேட்டறிந்தார். கல்லூரியில் ஆசிரியர், அவ்வில்லங்களில் கேள்வி கேட்கும் சிறுவர். ஏழாண்டு உழைப்பின் பயனாக 1887-இல் சிந்தாமணி அச்சில் வெளிவந்தது. 1889-இல் பத்துப்பாட்டும், 1892-இல் சிலப்பதிகாரமும், 1894-இல் புறநானூறும், 1898-இல் மணிமேகலையும் தொடர்ந்தன. ஏடு தேடிய பயணங்களில் செல்லரித்த சுவடிகளைக் கண்டார். கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் சுவடிகள் வேள்வித் தீக்கு இரையான செய்தி கேட்டு நொந்தார். கருத்து முதிர்ந்ததும் கேசம் நரைத்ததும் அவ்வாண்டுகளிலேதான்.

1903-இல் காவிரிக் கரையை விட்டுச் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாறினார். 1906-இல் மகாமகோபாத்தியாயர் பட்டம் பெற்றார். 1919-இல் ஓய்வு பெற்றார். 1924 முதல் 1927 வரை சிதம்பரம் மீனாட்சி தமிழ்க் கல்லூரி முதல்வராய் இருந்தார். 1932-இல் சென்னைப் பல்கலைக்கழகம் டாக்டர் பட்டம் அளித்தது. 1935 மார்ச்சில் எண்பதாம் ஆண்டு நிறைவு விழா பல்கலைக்கழக மண்டபத்தில் நிகழ்ந்தது. பெருமைகள் குவிந்தன. ஆனால் திருவல்லிக்கேணியில் வாங்கிய வீட்டுக்கு அவர் இட்ட பெயர் தியாகராச விலாசம். தம்மைக் கல்லூரிக்கு அனுப்பிய செட்டியாரின் பெயர் அது.

உடல் தளர்ந்த அக்காலத்தில்தான் அவர் எழுத்து புதுவிதமாகத் தளிர்த்தது. நடு வயதில் முன்னுரையும் குறிப்புரையும் வரைந்த கை, எழுபத்தைந்தைக் கடந்தபின் இதழ்களுக்காக எளிய உரைநடை எழுதலாயிற்று. கற்றார் மட்டுமன்றிக் கல்லாரும் கேட்டு மகிழும் நடை அது. 1933, 1934-ஆம் ஆண்டுகளில் ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் சரித்திரத்தை இரு பாகங்களாக வெளியிட்டார். அதன்பின் கோபாலகிருஷ்ண பாரதியார், மகா வைத்தியநாதையர், கனம் கிருஷ்ணையர் ஆகிய இசைவாணர் வரலாறுகளும் வந்தன. ஆசிரியருக்காக இளமையில் விட்ட இசையும், அதை விரும்பிய தந்தையின் நினைவும், அறுபதாண்டு கழித்துச் சொல்லாகத் திரும்பின. 1937-இல், எண்பத்திரண்டாம் வயதில், குறுந்தொகைக்குத் தாமே உரை கண்டு பதிப்பித்தார்.

1940 சனவரியில் ஆனந்த விகடனில் என் சரித்திரம் வாரந்தோறும் வரத் தொடங்கியது. மாணவர் கி. வா. ஜகந்நாதன் முதலியோர் உடனிருந்து உதவினர். உத்தமதானபுரத்தின் தெருவும், மாயூரத்தில் ஆசிரியர் முன் நடுங்கி நின்ற நாளும், கும்பகோணத்தில் விடை தெரியாமல் விழித்த பொழுதும் மறைவின்றி அதில் இடம்பெற்றன. தம் அறியாமையை இளமையில் மறைக்க விரும்பியிருக்கக்கூடியவர், பட்டங்கள் பல பெற்ற முதுமையில் அதனை ஊரறியச் சொன்னார். காவிரி நாட்டு நிகழ்ச்சிகளில் நடை விரிந்து நின்று பாயும். பெற்ற சிறப்புகளைச் சொல்லுமிடத்து விரைந்து நகரும்.

போர் அச்சத்தால் சென்னை மக்கள் வெளியேறிய 1942-இல் ஐயரும் திருக்கழுக்குன்றம் சென்றார். அங்கே ஏப்ரல் 28-ஆம் நாள் உயிர் நீத்தார். வயது எண்பத்தேழு. என் சரித்திரம் முற்றுப்பெறவில்லை. மணிமேகலைப் பதிப்புக்குப் பிந்திய காலத்தோடு அது நின்றுவிட்டது. அப்போது அவருக்கு நாற்பத்தைந்து வயதுகூட நிறையவில்லை. உலகம் அவரைத் தாத்தா என அழைக்கிறது. அவரே எழுதிய நூலிலோ அவர் முதுமையை எட்டவேயில்லை. இன்னும் ஒரு சுவடியைத் தேடி அடுத்த ஊருக்குப் புறப்படும் நிலையிலேயே இருக்கிறார்.