மறக்கப்பட்ட மாயத் தூரிகை

குழந்தைப் பருவத்தில் படித்த கதைப் புத்தகத்தை நினைத்துப் பார்த்தால், பலருக்கும் முதலில் கண்முன் வருவது கதையன்று, அதிலிருந்த படம். கதையை எழுதியவரின் பெயர் நினைவில் நிற்கிறது. படத்தை வரைந்தவர் யாரென்று நாம் கேட்பதில்லை. இந்த மறதிக்கு ஒரு பெருங்கலைஞர் கொடுத்த விலைதான் டென்மார்க் ஓவியர் கை நீல்சனின் வாழ்க்கை.

1886-ஆம் ஆண்டு கோபன்ஹேகனில் நாடகக் குடும்பத்தில் பிறந்தவர் நீல்சன். தாய் ஓடா புகழ்பெற்ற நடிகை. தந்தை நாடக இயக்குநர். வீட்டில் கேட்ட வடபுலத்துப் பழங்கதைகளும் மேடையின் ஒளியும் நிழலும் அவருடைய கற்பனைக்கு உரமிட்டன. பதினெட்டாம் வயதில் பாரீஸ் சென்று ஓவியம் பயின்ற அவர், 1911-இல் லண்டனில் குடியேறினார்.

வண்ண அச்சுக்கலை வளர்ந்து, நீர்வண்ண ஓவியங்களை அவற்றின் நயம் குன்றாமல் அச்சிட முடிந்த காலம் அது. கிறிஸ்துமஸ் பரிசாக வழங்குவதற்கென்றே விலையுயர்ந்த கதைப் புத்தகங்களைப் பதிப்பாளர்கள் வெளியிட்டனர். ஆர்தர் ராக்கம், எட்மண்ட் டுலாக் ஆகியோர் கோலோச்சிய அத்துறையில், 1914-இல் வெளியான ஒரே நூலால் நீல்சன் அவர்களுக்கு நிகராக உயர்ந்தார். 'சூரியனுக்குக் கிழக்கே, நிலவுக்கு மேற்கே' என்ற நார்வே நாட்டுப்புறக் கதைத் தொகுப்பு அது.

அந்நூலின் படங்களில் மனிதர்கள் சிறியவர்கள், இயற்கையே பெரியது. வானளாவ எழும் மெலிந்த மரங்களுக்கு நடுவே ஒரு சிறுமி தனித்துக் கிடப்பாள். கடல்மீது பாய்ந்து செல்லும் வடகாற்று மனித உருவம் கொண்டு நிற்கும். ஜப்பானிய மர அச்சுப் படங்களைப் போலப் பெரும் வெற்றிடத்தை விட்டு, நுண்ணிய கோடுகளால் அச்சத்தையும் அழகையும் அவர் ஒருசேர வரைந்தார்.

ஆனால், அதே ஆண்டில் மூண்ட உலகப் போர் ஆடம்பரப் புத்தகச் சந்தையைச் சிதைத்துவிட்டது. போருக்குப் பின் அவர் கோபன்ஹேகனில் நாடக அரங்குகளை வடிவமைத்தார். ஆண்டர்சன் கதைகளுக்கும் கிரிம் கதைகளுக்கும் அவர் வரைந்த படங்கள் 1920-களில் நூல்களாயின. ஆயிரத்தொரு இரவுகளுக்காக வரைந்தவையோ அச்சேறவே இல்லை.

1936-இல் நாடகப் பணிக்காக அமெரிக்கா சென்றவர், வால்ட் டிஸ்னி நிறுவனத்தில் சேர்ந்தார். 1940-இல் வெளியான 'ஃபேண்டேசியா' படத்தில் மலையுச்சியிலிருந்து பேருருவாய் எழும் தீய சக்தியின் காட்சி அவருடைய கற்பனையில் உருவானது. கடற்கன்னி கதைக்கும் அவர் மாதிரி ஓவியங்கள் தீட்டினார். அந்தப் படம் அப்போது கைவிடப்பட்டது. அவருடைய வேலையும் நிலைக்கவில்லை.

அதன்பின் லாஸ் ஏஞ்சலிஸில் ஒரு பள்ளி நூலகத்துக்கும் ஒரு தேவாலயத்துக்கும் சுவரோவியங்கள் தீட்டினார். ஒவ்வொன்றும் நீண்ட உழைப்பைக் கோரியது, வருவாயோ சொற்பம். 1957 ஜூன் மாதம், 71-ஆம் வயதில், வறுமையிலேயே அவர் மறைந்தார். அடுத்த ஆண்டே அவருடைய மனைவி உல்லாவும் காலமானார். நீல்சன் விட்டுச்சென்ற ஓவியங்களை நண்பர்கள் அமெரிக்காவிலும் டென்மார்க்கிலும் உள்ள அருங்காட்சியகங்களுக்கு அளிக்க முன்வந்தபோது, ஏற்க எவரும் இல்லை.

காலம் பின்னர் தன் தீர்ப்பைத் திருத்திக்கொண்டது. ஆயிரத்தொரு இரவுகள் ஓவியங்கள் 1977-இல் நூலாக வெளிவந்தன. டிஸ்னியின் கடற்கன்னி படம் 1989-இல் திரைக்கு வந்தபோது, பழைய மாதிரி ஓவியங்களுக்காக நீல்சனின் பெயரும் அதில் இடம்பெற்றது. அவர் இறந்து 32 ஆண்டுகள் ஆகியிருந்தன.

நீல்சனின் திறமை என்றும் குன்றவில்லை. மாறியது சந்தையின் சுவை மட்டுமே. விலைபோகாத காலத்திலும் ஒரு கலைப்படைப்பின் மதிப்பை அறிந்து காப்பதற்காகத்தான் அருங்காட்சியகங்களும் நூலகங்களும் இருக்கின்றன. அவையும் சந்தையின் கண்கொண்டே பார்த்தால், கலைஞனுக்குப் புகலிடம் ஏது? மறைவுக்குப் பின் வரும் பாராட்டு படைப்புக்கு வாழ்வளிக்கலாம். படைத்தவனின் பசியை அது ஆற்றுவதில்லை. அடுத்த முறை குழந்தையின் கையில் ஒரு கதைப் புத்தகத்தைக் கொடுக்கும்போது, படம் வரைந்தவரின் பெயரையும் சேர்த்துச் சொல்லிக்கொடுப்போம்.