மூளைக்குள் தொழில் ரகசியம்... சொல்லாமல் கப்பல் ஏறிய 21 வயது இளைஞர்! யார் இந்த சாமுவேல் ஸ்லேட்டர்?

வேலையை விட்டுப் போகிறவர் பென் டிரைவில் எதையாவது சுருட்டிக்கொண்டு போகிறாரா என்பதுதான் இன்றைய கம்பெனிகளின் பயம். 1789-ல் இங்கிலாந்துக்கும் அதே பயம். பஞ்சாலை இயந்திரம் நாட்டைத் தாண்டக் கூடாது. அதை ஓட்டத் தெரிந்த தொழிலாளியும் வெளிநாட்டில் போய்க் குடியேறக் கூடாது. சட்டமே அப்படித்தான்.

1768-ல் டெர்பிஷயரின் பெல்பரில் பிறந்த ஸ்லேட்டர், சின்ன வயதிலேயே ஜெடிடயா ஸ்ட்ரட்டின் மில்லில் தொழில் பழகச் சேர்ந்தார். தண்ணீர் விசையில் நூல் நூற்கும் முறையைக் கொண்டுவந்த ரிச்சர்ட் ஆர்க்ரைட்டின் பங்காளியாக இருந்தவர் ஸ்ட்ரட். ஆர்க்ரைட்டின் காப்புரிமையை 1785-லேயே கோர்ட் ரத்து செய்துவிட்டது. ஆக, உள்ளூரில் யார் வேண்டுமானாலும் அந்த இயந்திரத்தைச் செய்யலாம், வெளியே கொண்டுபோனால்தான் குற்றம்!

ஆறரை வருஷ ஒப்பந்தத்தை முடித்த ஸ்லேட்டர், விவசாயக் கூலி போல வேடமிட்டு லண்டனில் கப்பல் ஏறினார் என்பார்கள். கையில் ஒரு வரைபடம்கூட இல்லை. எல்லாம் மனப்பாடம்.

அமெரிக்காவின் ரோட் தீவில், பாடக்கெட் என்ற ஊரில் மோசஸ் பிரவுன் என்ற வியாபாரி, வாங்கிப் போட்ட இயந்திரங்கள் ஓடாமல் தவித்துக்கொண்டிருந்தார். ஸ்லேட்டர் போய்ப் பார்த்தார், அவை தேறாது என்று சொல்லிவிட்டார். உள்ளூர் கொல்லரையும் தச்சரையும் வைத்து, ஞாபகத்தில் இருந்ததை மரத்திலும் இரும்பிலும் திரும்பச் செய்தார். 1790 டிசம்பரில் மில் ஓடியது. அதில் முதலில் வேலை பார்த்தது 7 முதல் 12 வயது வரையிலான சிறுவர் சிறுமியர் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

சொந்த ஊர் அவரைத் துரோகி என்றது. அமெரிக்க அதிபர் ஆண்ட்ரூ ஜாக்சனோ அந்நாட்டுத் தொழில்துறையின் தந்தை என்று புகழ்ந்தார். சரி, வழக்கு? கடல் தாண்டிய ஆளை இங்கிலாந்து கோர்ட் என்ன செய்ய முடியும்! ஆனால் கேள்வி லேசானதல்ல. ஒப்பந்தத்தை அவர் பாதியில் முறிக்கவில்லை. கற்ற தொழில் அவருடையதா, முதலாளியுடையதா?

1835-ல் மாசசூசெட்ஸின் வெப்ஸ்டர் ஊரில் ஸ்லேட்டர் இறந்தார். 33 வருஷம் கழித்து, அதே மாகாண உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. சணலில் கோணித் துணி நெய்யும் ரகசிய முறையை முன்னாள் ஊழியர் போட்டி ஆலைக்குக் கொண்டுபோகப் பார்த்தார். காப்புரிமை இல்லாவிட்டாலும் அந்த ரகசியம் முதலாளியின் சொத்துதான், ஊழியரைத் தடுக்கலாம் என்றது கோர்ட்.