கான்சாகிப்: குத்தகைக்கு வந்த அரசு

மருதநாயகம் என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது 1997இல் கமல்ஹாசன் தொடங்கி, பாதியில் நின்றுபோன படம்தான். அந்த மனிதரின் வாழ்க்கை படத்தைவிடச் சுவாரசியமானது.

1725 வாக்கில் ராமநாதபுரம் சீமையின் பனையூரில் எளிய குடும்பத்தில் பிறந்தார் என்பார்கள். இஸ்லாத்தைத் தழுவி முகமது யூசுப் கான் ஆனார். சிப்பாயாக ஆங்கிலேயரிடம் சேர்ந்து, திருச்சிப் போர்களில் பெயரெடுத்து, சிப்பாய்கள் அனைவருக்கும் தளபதியானார். 1758 டிசம்பரில் லாலியின் பிரெஞ்சுப் படை சென்னைக் கோட்டையை முற்றுகையிட்டபோது, வெளியிலிருந்து அதைத் தூங்கவிடாமல் செய்தவர் இவர்தான்.

1759இல் மதுரையும் திருநெல்வேலியும் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் குத்தகைக்கு அவர் கைக்கு வந்தன. வரி, படை, தண்டனை எல்லாம் ஒரே ஆளிடம்! கண்மாய்களைச் சீராக்கினார், மீனாட்சி கோயில் நிலங்களை மீட்டுக் கொடுத்தார் என்று மதுரை அவரை நினைவில் வைத்திருக்கிறது. ஆனால் 1761இல் பூலித்தேவரின் நெற்கட்டான்செவலைக் கும்பினிக்காகப் பிடித்ததும் அதே கைதான்.

மென்பொருள் துறையில் இருப்பவர்களுக்கு இது எளிதில் புரியும். சர்வரின் 'அட்மின்' அனுமதி கையில் இருக்கும்வரை எல்லாம் நம்முடையது போலத் தோன்றும். கொடுத்தவர் நினைத்தால் ஒரு நொடியில் பறிபோகும். கான்சாகிபுக்கும் அதுதான் நடந்தது. ஆற்காட்டு நவாப் முகமது அலி அவரைத் தன் வேலையாளாகவே பார்த்தார். கும்பினியும் நவாப் பக்கம் சாய்ந்தது. கான்சாகிப் பணியவில்லை. 1763இல் மதுரைக் கோட்டையில் பிரெஞ்சுக் கொடி ஏறியது.

முதல் முற்றுகையை முறியடித்தார். அடுத்த ஆண்டு பசி கோட்டைக்குள் புகுந்தது. சரணடையலாம் என்றவர்களிடம் அவர் கைநீட்டியதாகச் சொல்லப்படுகிறது. கடைசியில் அவரைப் பிடித்துக் கொடுத்தவர்கள் அவருடைய ஆட்களே. 1764 அக்டோபர் 15 அன்று தூக்கிலிடப்பட்டார்.

நான் வசிக்கும் ஆக்லாந்தின் பிளாக்ஹவுஸ் பேக்கு அந்தப் பெயர் வந்தது, 1860இல் மாவோரிகளுக்கு அஞ்சி ஆங்கிலேயர் கட்டிய காவல் கோட்டையால். அந்தக் காலப் போர்களில் ஆங்கிலேயர் பக்கம் நின்ற மாவோரிகளும் உண்டு. அவர்களைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் கான்சாகிப் நினைவுக்கு வருகிறார். விடுதலை வீரரா, பேராசைக்காரரா என்று கேட்டால், முதல் நான்கு ஆண்டுகளையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்பேன். பூலித்தேவர் மறுத்த அதே தலைமையைத்தான் பிறகு இவரும் மறுத்தார். அதற்குள் துணைக்கு நிற்கக்கூடிய பாளையங்களைத் தானே ஒடுக்கிவிட்டிருந்தார்.

மதுரை சம்மட்டிபுரத்தில் இருக்கிறது அவருடைய அடக்கத்தலம். ஊருக்குப் போகிறவர்கள் ஒருமுறை பார்த்து வாருங்கள்.