தாம்பரம் சானடோரியத்தைத் தொடங்கிய டாக்டர் சௌரிமுத்து



செஞ்சியிலிருந்து திண்டிவனம் வழியாகச் சென்னைக்குப் பேருந்தில் போகும்போது, தாம்பரம் தாண்டியதும் சானடோரியம் என்ற நிறுத்தம் வருவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பெயருக்குக் காரணமானவர் டாக்டர் டேவிட் சௌரிமுத்து.

1864-ல் பிறந்த இவர், இங்கிலாந்தில் காசநோய் மருத்துவராகப் பெயர் பெற்றார். அங்கே சாமர்செட் பகுதியில், மெண்டிப் குன்றுகளில் ஒரு சானடோரியம் நடத்தினார். அந்தக் காலத்தில் காசநோயைக் குணப்படுத்த மருந்து கிடையாது. சுத்தமான காற்று, சத்தான உணவு, ஓய்வு இவைதான் வைத்தியம். சிங்கவரம் மலையேறி ரங்கநாதரைச் சேவித்தவர்களுக்கு மலைக்காற்றின் அருமையைச் சொல்ல வேண்டியதில்லை.

சௌரிமுத்து இவற்றோடு வேலையையும் வைத்தியத்தில் சேர்த்தார். உடம்பு தேறியவர்களை மரம் அறுக்க, தச்சு வேலை செய்ய வைத்தார். மூச்சுப் பயிற்சிக்காகப் பாடவும் வைத்தார்.

கணிதமேதை ராமானுஜன் 1914-ல் இங்கிலாந்துக்குக் கப்பலில் போனபோது, அதே கப்பலில் இவரும் பயணம் செய்தார். மூன்று வருடம் கழித்து ராமானுஜன் நோயாளியாக இவரது மெண்டிப் சானடோரியத்திலேயே சேர்ந்தார்.

பிறகு சௌரிமுத்து தாயகம் திரும்பி, 1928-ல் தாம்பரத்தில் பச்சைமலை அருகே 12 படுக்கைகளுடன் சானடோரியத்தைத் தொடங்கினார். 1937-ல் அரசு அதை ஏற்றுக்கொண்டது. 1940-ல் அவர் காலமானார். அந்த 12 படுக்கைகள்தான் இன்று பெரிய அரசு நெஞ்சக நோய் மருத்துவமனையாக வளர்ந்து நிற்கின்றன.

இதன் தொடர்ச்சியும் நம் மாநிலத்தில்தான் நடந்தது. நல்ல மருந்துகள் வந்த பிறகும், எல்லோருக்கும் படுக்கை கொடுக்க முடியவில்லை. 1956-ல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் ஆய்வு மையம் தொடங்கியது. ஒரு பகுதி நோயாளிகளை சானடோரியத்தில் வைத்தார்கள். மற்றவர்களுக்கு வீட்டிலேயே மருந்து கொடுத்தார்கள். வீட்டில் இருந்தவர்கள் நெருக்கடியான சிறு வீடுகளில் வாழ்ந்த ஏழைகள். ஆனாலும் இரு தரப்பினரும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமானார்கள். வீட்டாருக்கு நோய் கூடுதலாகப் பரவவும் இல்லை. இதைப் பார்த்த பிறகு உலகமே வீட்டுச் சிகிச்சைக்கு மாறியது.

எழுபது வருடம் ஆகப்போகிறது. இன்னும் நம்மில் பலர், காசநோய் என்றால் ஆளையே விலக்குகிறோம். வாடகைக்கு இருப்பவரைக் காலி செய்யச் சொல்வதும், வீட்டு வேலைக்கு வரும் அம்மாவை நிறுத்திவிடுவதும் பல ஊர்களில் நடக்கிறது. இதற்குப் பயந்தே பலர் இருமலை மறைக்கிறார்கள். மறைத்த நோய்தான் பரவும். மருந்தைச் சரியாகச் சாப்பிடத் தொடங்கினால், பெரும்பாலோருக்குச் சில வாரங்களிலேயே பரவும் ஆபத்து வெகுவாகக் குறைந்துவிடும்.

எனவே உங்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டிலோ, வாட்ச்மேனுக்கோ, வேலைக்கு வருபவருக்கோ இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால், அரசு மருத்துவமனைக்கு அனுப்பிச் சளிப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். பரிசோதனையும் மருந்தும் இலவசம். வழக்கமாக ஆறு மாதம் மருந்து சாப்பிட வேண்டும். சத்துணவுக்காக மாதம் 1,000 ரூபாய் நோயாளியின் வங்கிக் கணக்கில் வரும். கணக்கு இல்லாதவர்களுக்குத் தொடங்கிக் கொடுக்க நான் உதவுகிறேன். முப்பது வருடத்துக்கு மேல் பார்த்த வேலைதானே! டாக்டர் சம்மதித்ததும் அவரைப் பழைய வேலைக்கே திரும்ப அழைத்துக்கொள்ளுங்கள். குணமாகிறவருக்கு வேலையும் ஒரு மருந்து என்பது சௌரிமுத்து அன்றே கண்டது.