ஏந்திய கை

பொதுக்காரியத்திற்குப் பொருள் திரட்டுவது எளிதன்று. கொடுப்பவர் தயங்குவார், கேட்பவர் கூசுவார். திரட்டிய பணத்தின் கணக்கில் ஒருமுறை ஐயம் எழுந்தால், பல்லாண்டு முயன்று ஈட்டிய நற்பெயரும் நிலைக்காது. இந்த அரிய பணியை வாழ்நாள் முழுவதும் கூச்சமின்றியும் களங்கமின்றியும் ஆற்றியவர் மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி.

1869 அக்டோபர் 2 அன்று போர்பந்தரில் வைணவக் குடும்பத்தில் பிறந்த அவரது வாழ்வில் சமணத்தின் தொடர்பு இளமையிலேயே அமைந்தது. இலண்டனுக்குப் புறப்படும் முன், மதுவையும் மாதரையும் ஊனையும் தீண்டுவதில்லை என்று அவர் உறுதியேற்றது பேசர்ஜி சுவாமி என்னும் சமணத் துறவியின் முன்னிலையில்தான். 1891இல் பாரிஸ்டராகத் திரும்பியபோது பம்பாயில் ராஜசந்திரரைச் சந்தித்தார். ராஜசந்திரர் முத்தும் வைரமும் விற்கும் வணிகர். எனினும், வணிகப் பேச்சு முடிந்த மறுகணமே அறநூலையோ ஆன்மக் குறிப்பேட்டையோ கையிலெடுத்துவிடுவார். பணத்தோடு புழங்கியும் அதில் ஒட்டாமல் வாழ முடியும் என்பதற்கு அவரே காந்தியின் கண்முன் நின்ற சான்று.

1894இல் தென்னாப்பிரிக்காவில் நேட்டால் இந்தியக் காங்கிரசைத் தொடங்கியபோது காந்திக்கு வயது 24. உறுப்பினர் கட்டணம் மாதம் 5 ஷில்லிங் எனக் குறிக்கப்பட்டது. பிறரைக் கேட்குமுன் தம் பெயருக்கு நேரே மாதம் ஒரு பவுன் என்று எழுதிக்கொண்டார். கையெழுத்திடும்போது இருந்த உற்சாகம் பணம் கேட்டுச் செல்லும்போது பலரிடம் இல்லை. உறுப்பினரைக் குறை கூறிக்கொண்டிராமல், ஆண்டுக் கட்டணமாக 3 பவுனை முன்னதாகவே பெறும்படி முறையை மாற்றினார். எவ்வளவு சிறிய தொகைக்கும் ரசீது தரப்பட்டது. எந்தச் செலவும் ஏட்டில் ஏறாமல் போகவில்லை.

டோங்காட் என்னும் ஊரில் ஒரு செல்வர் 6 பவுன் தருவார் என்று எதிர்பார்த்துச் சென்றனர். அவரோ மூன்றுக்கு மேல் இல்லை என்றார். குழுவினர் சினத்தை அடக்கிக்கொண்டனர், எழுந்து செல்லவில்லை. அவர் வீட்டு விருந்தை உண்ணாமல், பசியோடு இரவு முழுவதும் அங்கேயே அமர்ந்திருந்தனர். பொழுது விடியும் வேளையில் செல்வர் மனம் இளகி, ஆறு பவுனும் தந்து விருந்தும் படைத்தார்.

பிறரிடம் கேட்பதினும் கடினமான சோதனை 1901இல் வந்தது. தாயகம் திரும்பவிருந்த அவருக்கு நேட்டால் மக்கள் பொன்னும் வெள்ளியும் வைரமும் பரிசாகக் குவித்தனர். அவற்றுள் கஸ்தூர்பாவுக்கென்று 50 கினி மதிப்புள்ள பொன்னாரமும் இருந்தது. பொதுத்தொண்டுக்குக் கிடைத்ததை வீட்டில் வைத்துக்கொள்ளலாமா என்ற கேள்வி அன்றிரவு அவரை உறங்கவிடவில்லை. பிள்ளைகள் இசைந்தனர், கஸ்தூர்பா இசையவில்லை. வரப்போகும் மருமகள்களை எண்ணினார்; தாமும் இரவு பகலாக உழைத்ததை எடுத்துரைத்துக் கண்ணீர் விட்டார். அந்த வாதத்தில் நியாயம் இல்லாமலில்லை. ஆயினும் நகைகள் அனைத்தும் சமூகத்தின் பெயரில் அறக்கட்டளையாயின. காந்தியின் வாழ்வில் இத்தகைய துறவுகளின் பாரம் பெரும்பாலும் கஸ்தூர்பாவின் தோளிலும் விழுந்தது என்பதை மறத்தலாகாது.

பின்னாளில் இன்னொரு முடிவுக்கும் வந்தார். நிலையான மூலதனத்தைச் சேர்த்து வைத்து அதன் வருவாயில் இயங்கும் அமைப்பு, மக்களுக்குப் பதில் சொல்லும் கடமையை மறந்துவிடும். ஆண்டுதோறும் மக்களிடம் சென்று கேட்டுப் பெறுவதே அமைப்பை நேர்வழியில் நிறுத்தும் என்று கருதினார்.

1921இல் திலகர் சுயராச்சிய நிதிக்கு இலக்கு ஒரு கோடி ரூபாய். கெடு ஜூன் 30. தொகையும் நாளும் தெளிவாக இருந்ததால் தாம் செய்யவேண்டியது என்ன என்பது ஒவ்வொருவருக்கும் விளங்கியது. குறித்த நாளுக்குள் இலக்கு நிறைவேறியது.

தீண்டாமையை ஒழிக்க 1933 நவம்பரில் தொடங்கிய பயணத்தில் அவரது கலை முழுமை பெற்றது. மக்கள் எதை விரும்பினார்களோ அதையே நிதிக்கு வழியாக்கினார். கையெழுத்து வேண்டுமா? ஐந்து ரூபாய். வரவேற்பு மடல் வைத்துத் தந்த பேழையா? அந்த மேடையிலேயே ஏலம். கேரளத்து வடகரையில் கௌமுதி என்னும் இளம்பெண் தன் நகைகளைக் கழற்றித் தந்தபோது, அவற்றுக்கு மாற்றாகப் புது நகை வாங்கலாகாது என்ற உறுதியையும் கேட்டுப் பெற்றார். அவர் கேட்டது நகையை மட்டுமன்று, கொடுப்பவரின் மனமாற்றத்தையும்தான்.

அங்கிருந்து தென்மாவட்டங்களைச் சுற்றிவிட்டு, 1934 ஜனவரி இறுதியில் நீலகிரி ஏறிக் குன்னூரில் சில நாள் தங்கினார், உதகையிலும் பேசினார். மலைக்குளிரிலும் ஏந்திய கை தாழவில்லை. அரிசனநிதியோடு, அம்மாதம் 15ஆம் நாள் நிலநடுக்கத்தால் சிதைந்த பீகாருக்காகவும் அப்பயணத்தில் கேட்டார். ஏறத்தாழ 12,500 மைல் நீண்ட அந்தப் பயணத்தில் திரண்டது சுமார் 8 லட்சம் ரூபாய். அதில் செல்வர் தந்தது உண்டு. ஏழையர் தந்த காலணாவும் உண்டு.

அதே மலையின் இத்தலாரில் இன்று சிறு விவசாயிகள் தாம் பறித்த பசுந்தேயிலையைத் தங்கள் கூட்டுறவுத் தொழிற்சாலைக்குக் கொடுக்கின்றனர். ஒருவரது மூட்டை சிறிது. பலரது மூட்டைகள் சேர்ந்தால் ஆலை ஓடும். ஆனால் எடை சரியாக இருக்கும், கணக்கு நேராக இருக்கும் என்ற நம்பிக்கை இருக்கும்வரைதான் மூட்டைகள் வந்துசேரும். பொதுநிதியின் இயல்பும் இதுவே.

1948 ஜனவரி 30 அன்று காந்தி மறைந்தபோது எஞ்சிய உடைமைகள் கண்ணாடி, பைக்கடிகாரம், செருப்பு போன்ற சிலவே. கோடிகள் அவர் கைவழியே சென்றன. அவர் கேட்டபோதெல்லாம் மக்கள் தயங்காமல் கொடுத்ததற்கு, அக்கையில் எதுவும் தங்கியதில்லை என்பதை அவர்கள் கண்டறிந்திருந்ததே காரணம்.