வாயில்லா ஜீவன்களுக்காக ஒரு பள்ளிக்கூடம்



உங்களுக்கு வயிறு வலித்தால் அம்மாவிடம் சொல்வீர்கள். ஒரு பசுவுக்கு வயிறு வலித்தால் அது யாரிடம் சொல்லும்? தீனி தின்னாது, அசை போடாது. தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்கும். என்ன நோய் என்று கண்டுபிடிக்க, அதற்கென்றே படித்த ஒருவர் வேண்டும் அல்லவா? இன்று நமக்குக் கால்நடை மருத்துவர்கள் இருக்கிறார்கள். ஆனால், 1760-ம் ஆண்டில் அவர்களைப் பயிற்றுவிக்க ஐரோப்பாவில் ஒரு பள்ளிகூடக் கிடையாது. அந்தக் குறையைப் போக்கியவர்தான் கிளாட் பூர்ஜெலா.

பிரான்ஸ் நாட்டில் லியோன் என்ற நகரம் இருக்கிறது. அங்கே 1712-ம் ஆண்டு பூர்ஜெலா பிறந்தார். அவருக்குக் குதிரைகள் என்றால் உயிர். 1740-ல் லியோன் நகரக் குதிரையேற்றப் பள்ளியின் தலைவரானார். எப்படி அமர வேண்டும், கடிவாளத்தை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று இளைஞர்களுக்குக் கற்றுக் கொடுத்தார்.

அது ரயிலும் காரும் இல்லாத காலம். வண்டி இழுக்க, ஏர் உழ, போருக்குப் போக எல்லாவற்றுக்கும் குதிரைதான். அந்தக் குதிரைக்கு நோய் வந்தால் யாரை அழைப்பார்கள் தெரியுமா? லாடம் அடிப்பவரை! அவர் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சூடு போடுவார். இல்லாவிட்டால், நரம்பைக் கீறி இரத்தத்தை வடிய விடுவார். அப்பா செய்ததை மகன் செய்வார். குதிரையின் உடம்புக்குள் என்ன இருக்கிறது என்பது அவர்களில் பலருக்கும் தெரியாது.

பூர்ஜெலா யோசித்தார். குதிரையை ஓட்டத் தெரிகிறது. அதன் வலியைப் போக்கத் தெரியவில்லையே! ஊரே மதிக்கும் ஆசிரியரான அவர், வெட்கப்படாமல் மீண்டும் மாணவரானார். லியோன் நகர அறுவை மருத்துவர்களிடம் சென்று, இறந்துபோன குதிரைகளின் உடலை அறுத்துப் பார்த்து, எலும்பு, தசை, குடல் என ஒவ்வொன்றாகக் கற்றார். கற்றதை 1750 முதல் நூல்களாக எழுதினார். பிரான்சில் அப்போது வெளிவந்த பெரிய கலைக்களஞ்சியத்துக்கும் கட்டுரைகள் எழுதிக் கொடுத்தார்.

இந்த நேரத்தில் ஐரோப்பாவின் கிராமங்களை ஒரு கொடிய நோய் வாட்டிக் கொண்டிருந்தது. நம் ஊரில் அதை வெக்கை நோய் என்பார்கள். மாட்டுக்குக் கடும் காய்ச்சல் வரும், கண்ணிலும் மூக்கிலும் நீர் வடியும், வாயெல்லாம் புண்ணாகும், கழிச்சல் கண்டு சில நாட்களில் செத்து விழும். மாடு போனால் உழவு இல்லை, பால் இல்லை, எரு இல்லை. அந்தக் குடும்பமே பட்டினிதான்!

குதிரைக்கு மட்டும் மருத்துவம் போதாது, ஏழை உழவரின் மாட்டுக்கும் ஆட்டுக்கும் வேண்டும் என்று பூர்ஜெலா முடிவு செய்தார். அவருடைய நண்பர் பெர்டின் அப்போது மன்னர் பதினைந்தாம் லூயியின் நிதி அமைச்சராக இருந்தார். அவர் உதவியால் 1761 ஆகஸ்ட் 4 அன்று பள்ளி தொடங்க அனுமதி கிடைத்தது. 1762-ல், ஒரு பழைய சத்திரத்தில் பள்ளி ஆரம்பமானது. உலகின் முதல் கால்நடை மருத்துவப் பள்ளி அதுதான்! அப்போது பூர்ஜெலாவுக்கு வயது ஐம்பதை நெருங்கியிருந்தது.

அங்கே மூலிகைத் தோட்டம் இருந்தது. லாடம் அடிக்கும் உலையும் இருந்தது. நோய் பரவிய கிராமங்களுக்கு மாணவர்கள் அனுப்பப்பட்டார்கள். வெக்கை நோய்க்குக் காரணம் ஒரு வைரஸ் என்பது அன்று யாருக்கும் தெரியாது. ஆனாலும், அந்த மாணவர்களின் சேவை மன்னரின் காதுக்கு எட்டியது. 1764-ல் பள்ளிக்கு அரசப் பள்ளி என்ற சிறப்பு கிடைத்தது. பிறகு, பாரிஸ் அருகே அல்ஃபோர் என்ற இடத்தில் பூர்ஜெலா இன்னொரு பள்ளியும் தொடங்கினார். டென்மார்க், சுவீடன் போன்ற நாடுகளிலிருந்து மாணவர்கள் வந்து படித்து, தங்கள் நாட்டிலும் பள்ளிகள் தொடங்கினார்கள்.

1779 ஜனவரி 3 அன்று பூர்ஜெலா மறைந்தார். வெக்கை நோய் ஒழிந்ததை அவர் பார்க்கவில்லை. அவர் ஏற்றிய விளக்கு மட்டும் அணையவில்லை. நம் சென்னை வேப்பேரியில் 1903-ல் கால்நடை மருத்துவக் கல்லூரி வந்தது. இருபதாம் நூற்றாண்டில் நல்ல தடுப்பூசிகள் வந்தன. ஊர் ஊராகச் சென்று மாடுகளுக்கு ஊசி போட்டார்கள். இந்தியாவில் இந்நோய் கடைசியாகக் காணப்பட்டது 1995-ல், நம் தமிழ்நாட்டில்தான். 2011-ம் ஆண்டு, உலகிலிருந்தே வெக்கை நோய் ஒழிந்துவிட்டதாக அறிவித்தார்கள். பெரியம்மைக்குப் பிறகு மனிதன் அடியோடு ஒழித்த இரண்டாவது நோய் இது. பூர்ஜெலாவின் பள்ளிக்கு அனுமதி கிடைத்து, அந்த ஆண்டோடு சரியாக 250 ஆண்டுகள் ஆகியிருந்தன!

பார்த்தீர்களா குழந்தைகளே! பிராணிகளிடம் அன்பு காட்டுவது நல்லது. ஆனால், அவற்றின் வலியைத் தீர்க்க அன்போடு அறிவும் வேண்டும். தனக்குத் தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொண்டு கற்கப் புறப்பட்டார் பூர்ஜெலா. அதனால் கோடிக்கணக்கான வாயில்லா ஜீவன்கள் பிழைத்தன. உங்களில் யார் நாளைய கால்நடை மருத்துவர்? இன்றே நன்றாகப் படிக்கத் தொடங்குங்கள்!