எடுவார்டு லூக்கா

எடுவார்டு லூக்கா (ஏப்ரல் 4, 1842 – அக்டோபர் 3, 1891) பிரான்சு நாட்டைச் சேர்ந்த கணிதவியலாளர் ஆவார். 2^127 − 1, அதாவது 170,141,183,460,469,231,731,687,303,715,884,105,727 என்னும் 39 இலக்க எண் ஒரு பகா எண் என்பதை 1876 ஆம் ஆண்டில் கையால் கணக்கிட்டு நிறுவியவர் இவரே. லூக்கா எண்கள் இவர் பெயரால் வழங்கப்படுகின்றன.

வாழ்க்கை

வடபிரான்சின் அமியான் நகரில் பிறந்த லூக்கா, பாரிசு நகரின் எக்கோல் நோர்மாலில் பயின்றார். பின்னர் பாரிசு வானாய்வகத்தில் பணியாற்றினார். 1870–71 பிரான்சு–பிரசியப் போரில் பீரங்கிப் படை அதிகாரியாக இருந்தார். போருக்குப் பின் கணித ஆசிரியரானார். பாரிசின் செயிண்ட் லூயி, சார்லமேன் ஆகிய பள்ளிகளில் கற்பித்தார்.

39 இலக்கப் பகா எண்

2^n − 1 வடிவ எண்கள் மெர்சென் எண்கள் எனப்படும். n = 67, n = 127 ஆகியவற்றுக்கு இவை பகா எண்களாகும் என்று மாரென் மெர்சென் 1644 இல் நிறுவலின்றிக் கூறியிருந்தார். 2^127 − 1 ஐ வகுத்துப் பார்த்துச் சோதிப்பதானால் 20 இலக்க வகுஎண்கள் வரை செல்லவேண்டும். இது கையால் இயலாதது. எனவே லூக்கா வகுத்துப் பார்க்காத வழியொன்றைக் கண்டார்.

அடுக்கு 4 ஆல் வகுபட்டு மீதி 3 தரும் பகா எண்ணாயின், 3 இல் தொடங்கி, ஒவ்வொரு எண்ணையும் வர்க்கப்படுத்தி 2 ஐக் கழித்து, சோதிக்கப்படும் எண்ணால் வகுத்த மீதியை மட்டும் கொள்ளவேண்டும். எடுத்துக்காட்டாக 2^7 − 1 = 127 க்கு 3, 7, 47, 48, 16, 0 என வரும். 5 படிகளின் முடிவில் 0 வருவதால் 127 பகா எண். 2^127 − 1 க்கு இத்தகைய 125 படிகள் போதும்.

2^67 − 1 பகா எண் அன்று என்பதையும் லூக்கா 1876 இல் காட்டினார். ஆனால் இம்முறை காரணிகளைத் தருவதில்லை. அவற்றை (193,707,721 × 761,838,257,287) பிராங்க் நெல்சன் கோல் 1903 இல் வெளியிட்டார்.

பிற பணிகள்

பிபனாச்சி எண்களுக்கு அப்பெயர் நிலைபெறச் செய்தவர் லூக்கா. 1883 இல் கிளாசு என்னும் புனைபெயரில் அனோய் கோபுரப் புதிரை வெளியிட்டார். n தட்டுகளை இடம் மாற்றத் தேவையான மிகக்குறைந்த நகர்த்தல்களும் 2^n − 1 ஆகும்.

இறப்பு

1891 இல் ஒரு விருந்தில் தட்டு ஒன்று விழுந்து உடைந்தது. அதன் துண்டொன்று லூக்காவின் கன்னத்தைக் கிழித்தது. அக்காயத்தில் ஏற்பட்ட தோல் தொற்றால் சில நாட்களில் தமது 49 ஆம் அகவையில் காலமானார்.

தாக்கம்

2^127 − 1, அறியப்பட்ட மிகப்பெரிய பகா எண்ணாக 1951 வரை 75 ஆண்டுகள் நிலைத்திருந்தது. 1930களில் டெரிக் லேமர் செம்மைப்படுத்திய இவரது முறை, லூக்கா–லேமர் சோதனை எனப்படுகிறது. கணினிகள் கண்டறிந்த பல மெர்சென் பகா எண்கள் இச்சோதனையாலேயே உறுதிசெய்யப்பட்டன.